காதில் ஹெட்போன், அதற்கு மேல் ஒரு முழம் பூ

“திரை விலகியது.” ஓப்பன் பேக் ஹெட்போனை, அதாவது பின்பக்கம் மூடாமல் திறந்திருக்கும் ஹெட்போனை, யாராவது கேட்டுவிட்டு அனுபவம் எழுதினால் மூன்றாவது வரிக்குள் இந்தத் திரை விலகிவிடுகிறது. அடுத்த மாதம் அதே மனிதர் ஒலியைப் பெருக்கும் புது ஆம்ப் வாங்குகிறார், மறுபடியும் திரை விலகுகிறது. அப்புறம் டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றும் டேக் (DAC), அப்புறம் கேபிள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. ஐயா சாமி, மொத்தம் எத்தனை திரையைத் தொங்கவிட்டிருந்தீர்கள்? முதல் திரை விலகியபோதே “இதற்கு மேல் ஒன்றுமில்லை, பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார்” என்றீர்களே, அவர் அப்போது எங்கே உட்கார்ந்திருந்தார்?

ஆசையாக வாங்கியவர் ஆசையாக எழுதட்டும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்தப் பொருத்த வியாபாரத்தில்தான். ஹெட்போனில் ஒரு குறையைச் சொல்லிப் பாருங்கள். ட்ரெபிள் காதைக் குத்துகிறதா? ஆம்ப் சரியில்லை. பேஸ் போதவில்லையா? ஆம்புக்குச் சக்தி பத்தவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் கேட்கச் சலிப்பாக இருக்கிறதா? டேக்கை மாற்றுங்கள். நல்ல ஆம்பும் நல்ல டேக்கும் இருக்கிறது என்று சொன்னாலும் விடமாட்டார்கள். “தனித்தனியாக இரண்டும் நல்லவைதான், ஆனால் இந்த ஹெட்போனோடு சேராது.” பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த பிறகும் பதினொன்றாவதாக ஒன்று இடிக்கும். ஹெட்போன் மட்டும் ஒருபோதும் குற்றவாளி ஆகாது.

சரி, கணக்குக்கு வருவோம். சென்ஹைசரின் எச்டி 600, 1997-ல் வந்தது. “ஆம்ப் இல்லாமல் இது தூங்கிக்கொண்டிருக்கும்” என்று இதைப் பற்றிச் சொல்லாதவர்கள் குறைவு. இதன் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு இது காட்டும் தடை, 300 ஓம். 1 மில்லிவாட் கொடுத்தால் சுமார் 97 டெசிபெல் சத்தம் தரும். 110 டெசிபெல் உச்சம் வேண்டுமென்றால் 20 மில்லிவாட் போதும், மின்னழுத்தத்தில் சுமார் 2.5 வோல்ட். போனில் செருகும், கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு டாங்கிள் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், அதிலேயே உச்சம் 102 டெசிபெல்லைத் தொடும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் சராசரி 80 டெசிபெல்லோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் தூங்குவது எது, ஹெட்போனா, கணக்கா?

மெல்லிய சத்தத்தில் பதிவான கச்சேரிக்கோ சிம்பொனிக்கோ அந்த 1 வோல்ட் பத்தாமல் போகலாம். வால்யூமை முழுக்கத் திருகியும் போதவில்லை என்றால் தாராளமாக ஆம்ப் வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது? ஹைஃபைமேனின் எச்ஈ-6 மாதிரி 1 மில்லிவாட்டுக்கு வெறும் 83.5 டெசிபெல் தரும் முரட்டு ஜாதியும் உண்டு. அதே 110 டெசிபெல்லுக்கு அது கிட்டத்தட்ட அரை வாட் கேட்கும். அங்கே ஆம்ப் வேண்டும் என்று சொல்வது நியாயம். ஆனால் எச்ஈ-6-க்குச் சொன்ன அறிவுரையை ஊரில் இருக்கிற 32 ஓம் ஹெட்போனுக்கெல்லாம் ஒட்டினால் எப்படி? சத்தம் போதுமா என்பது ஒரு கேள்வி. ஒலியின் குணம் மாறுகிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவதற்கு விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

குணம் மாறவே மாறாதா? மாறும். எங்கே மாறும், எவ்வளவு மாறும் என்றுகூடச் சொல்ல முடியும். சென்ஹைசரின் எச்டி 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு 300 ஓம் என்றாலும் எல்லா அதிர்வெண்ணிலும் அது 300 ஓம் இல்லை. 100 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் 500 ஓமை நெருங்கும். வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத, கண்ணாடிக் குழாய் வைத்த வால்வ் ஆம்புகள் சிலவற்றின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் சொந்த மின்மறுப்பு, 100 ஓமைத் தாண்டும். 120 ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மின்மறுப்பு ஏறும் அந்த 100 ஹெர்ட்ஸ் பக்கத்துக்கு மற்ற இடத்தைவிடச் சுமார் 1 டெசிபெல் கூடுதலாகப் போய்ச் சேரும். அவ்வளவுதான் விஷயம். “வால்வின் வெதுவெதுப்பு, குரலுக்கு உடம்பு வந்துவிட்டது, செல்லோவின் மரம் மணக்கிறது” என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அதில் பெரும்பங்கு இந்த 1 டெசிபெல். எனக்கும் அது பிடிக்கும். ஈக்வலைசரில் அதே இடத்தில் 1 டெசிபெல் ஏற்றினாலும் பிடிக்கும். ஆனால் ஈக்வலைசர் என்ற பேச்சை எடுத்தாலே “இசையின் தூய்மை கெட்டுவிடும்” என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். வால்வ் வழியாக வரும் அதே மேடு மட்டும் எப்படி ஐயா தூய்மையானது?

இன்னும் கேளுங்கள். தட்டையான மெல்லிய சவ்வு காந்தப் புலத்தில் அதிரும் பிளேனர் மேக்னெட்டிக் ஹெட்போன்களுக்கு மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் அநேகமாக ஒரே அளவுதான். அதனால் அவுட்புட் இம்பீடன்ஸ் கூடினால் சத்தம் மொத்தமாகக் குறையும், குணம் மாறாது. அங்கேயும் அதே ஆம்பை வைத்து, அதே வெதுவெதுப்பு, அதே உடம்பு, அதே மரவாசம் என்று எழுதியிருக்கிறார்கள். டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு, மிதமிஞ்சிப் போகும் ஆம்பாக இருந்தால் ஏதோ ஒரு நியாயம் இருக்கலாம். மற்றபடி அது மூளைக்குள்ளிருந்து வரும் வாசம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சென்ஹைசரின் எச்டி 800 கதை அப்படித்தான். 2009-ல் வந்தது. 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மையான மேடு அதற்கு உண்டு, அளந்து பார்த்த எல்லாருக்கும் தெரியும். பதிவில் ‘ஸ்’ ஓசையின் பிசிறு இருந்தால் ஊசி மாதிரி இறங்கும். அப்போதெல்லாம் என்ன சொன்னார்கள்? “தகுந்த ஆம்ப் இல்லை. இது உங்கள் குறையைக் காட்டும் கண்ணாடி.” வால்வ் மாற்றச் சொன்னார்கள், கேபிள் மாற்றச் சொன்னார்கள். அப்புறம் என்ன நடந்தது? எச்டி 800 எஸ் என்று திருத்திய மாடலைக் கொண்டுவந்தபோது, அந்த மேட்டை அடக்குவதற்கென்றே ஹெட்போனுக்குள்ளேயே ஒரு ஒலி உறிஞ்சியை வைத்தார்கள் சென்ஹைசர்காரர்கள். உரியவர்களே கோணல் எங்கே என்று காட்டிவிட்டார்கள். கூடத்தைக் குறை சொன்னவர்கள் யாராவது பின்வாங்கினார்களா? “எஸ் மாடலுக்கு எந்த ஆம்ப் பொருந்தும்?” என்று அடுத்த பேச்சைத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டு ஆம்பை ஒப்பிட்டேன் என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சத்தத்தைச் சமப்படுத்தினீர்களா? இந்தக் கேள்விக்கு ஒன்று மௌனம், இல்லையென்றால் கோபம். “காதால் சமப்படுத்தினேன்” என்பது மூன்றாவது வகை. இரண்டில் எது துளி சத்தமாக ஒலிக்கிறதோ அதைத்தான் காது ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். அரை டெசிபெல் கூடினால் சத்தம் கூடியதாகவே தெரியாது, விவரம் கூடியதாகத் தெரியும். இதைச் சரிசெய்யப் பெரிய ஆய்வகம் ஒன்றும் வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிய நிலையிலேயே ஜாக்கில் சாதாரண மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து அளக்க வேண்டும். மலிவான மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் உளறும் என்பதால்தான் 60 ஹெர்ட்ஸ். இரண்டு ஆம்பும் 1 சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால் அது 0.1 டெசிபெல்லுக்கும் கீழே. பிறகு எது எது என்று தெரியாமல் வேறொருவர் மாற்றி மாற்றிக் கொடுக்கக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆம்புக்கு அடியில் வைக்க அதிர்வு தாங்கும் கட்டை தேடி அலைய நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

எந்தச் சத்தத்தில் கேட்டார் என்பதையும் எவரும் எழுதுவதில்லை. சத்தம் குறைந்தால் காதுக்கு முதலில் பேஸ்தான் குறைவாகத் தெரியும். 1933-லேயே ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வளைகோடு போட்டு வைத்துவிட்டார்கள். ஒருவர் நள்ளிரவில் மெல்ல வைத்துக் கேட்டுவிட்டு “பேஸ் ஒல்லி” என்கிறார். இன்னொருவர் கண்ணாடி அதிர வைத்துக் கேட்டுவிட்டு “பேஸ் அருமை” என்கிறார். இருவரும் ஒரே ஹெட்போனை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் காது கேளாதவர் என்று ஏசுகிறார்கள். இரண்டாமவர் இப்படியே போனால் அந்த ஏச்சு பலித்துவிடும்.

அப்புறம் இயர் பேட், காதைச் சுற்றி உட்காரும் மெத்தை. இதில்தான் எனக்கு உச்சிக்கு ஏறுகிறது. எச்டி 600, 650 இரண்டிலும் பேட் நாளாக ஆக அமுங்கும். அமுங்கினால் ஒலி எழுப்பும் டிரைவர் காதுக்கு நெருங்கும், ஒலி மாறும். இது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய மாற்றம். புது பேட் ஒன்றையும் பழையது ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும். மூக்குக் கண்ணாடி போட்டவர் பிளேனர் ஹெட்போனை மாட்டினால், கண்ணாடிக் கம்பி பேட்டைத் தூக்கிப் பிடிக்கும் அந்தச் சின்ன இடைவெளி வழியாக ஆழ்ந்த பேஸ் ஒழுகிவிடும். ஹெட்போனை ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளினாலே ட்ரெபிள் வேறு மாதிரி கேட்கும், ஏனென்றால் ஒலி காது மடலில் படும் விதம் மாறிவிடும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, வெள்ளிக் கேபிள் ட்ரெபிளைத் திறந்தது, செம்புக் கேபிள் நடு ஒலியான மிட்டைத் தடிமனாக்கியது என்கிறார்கள். கேபிளை மாற்றுவதற்காக ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டினீர்களே, அப்போது அது தலையில் எங்கே உட்கார்ந்தது என்று பார்த்தீர்களா?

“200 மணி நேரம் ஓடவிட்டுவிட்டு வந்து பேசுங்கள்” என்பது இன்னொன்று. பர்ன் இன், ஓடவிட்டுப் பழக்குவதாம். பிடிக்கவில்லை என்று சொன்னால் இந்த 200 மணி நேரத்தைத் தூக்கி மேலே போடுவார்கள். அது முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும் என்பது தற்செயல்தானா என்று தெரியவில்லை. அதைவிட வேடிக்கை, ஓடவிட்ட பிறகு எதுவானாலும் நன்றாகத்தான் ஆகிறது. 200 மணி நேரத்துக்குப் பிறகு மோசமாகிவிட்டது என்று ஒருவராவது எழுதியதுண்டா? இத்தனை மணி நேரத்தில் பழகியது ஹெட்போன் இல்லை, காதுக்குப் பின்னால் இருக்கிற மூளை.

விலையைக் காட்டி வாயை மூடப் பார்ப்பவர்களும் உண்டு. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஒலி ஆய்வாளர் 2017-ல் 283 ஹெட்போன்களின் ஒலி அளவைகளை எடுத்து விலையோடு ஒப்பிட்டார். அதிர்வெண் வளைவுக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று வந்தது. இதைச் சொன்னால் “அளவைகள் எல்லாவற்றையும் சொல்லாது” என்பார்கள். சொல்லாதுதான். காதில் சுற்றும் பூவும் சொல்லாது.

சவுண்ட் ஸ்டேஜ், அதாவது ஒலி கண்முன் மேடையாக விரிவது, பற்றி எழுதுவதைப் படித்தால் சிரிப்பும் வரும். ஓப்பன் பேக்கில் ஒலி தலைக்கு வெளியே கொஞ்சம் விரிவது உண்மை. ஆனால் ஸ்டுடியோவில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக மைக் வைத்துப் பதிந்து, ஒரு குமிழைத் திருகி இடதுபக்கம் தள்ளிய கிட்டாரை, “மேடையில் ஆறடி தள்ளி, சற்றே உயரத்தில் நிற்கிறார்” என்று எழுதுகிறார்கள். அவர் நின்றது கண்ணாடி அறைக்குள், வேறொரு நாளில்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மிருதங்கத்தின் இடதுபக்கத் தோலான தொப்பியில் கையை அழுத்தித் தேய்க்கும்போது கும்கி நாதம் எழும்புகிறதே, அது உருண்டு வருகிறதா, ‘தப்’ என்று வந்த இடத்திலேயே விழுகிறதா? எச்டி 650-இல் பேஸ் அடியில் இறங்க இறங்கத் தேய்ந்துவிடும் என்பதால் கேட்கிறேன். தம்புராவின் சுருதி பாடகரின் குரலுக்குப் பின்னால் தனியாக நிற்கிறதா, குரலோடு ஒட்டிக்கொண்டு மங்குகிறதா? எந்தப் பதிவில், எத்தனையாவது நிமிடத்தில் இது கேட்டது என்று ஒரு வரி சேர்த்தால் நானும் போட்டுக் கேட்டுப் பார்த்துக்கொள்வேன். ‘கறுப்புப் பின்னணி’யும் ‘திரவம் போன்ற மிட்’டும் எனக்கு எதற்கு? கறுப்புப் பின்னணியாம், இரைச்சலே இல்லாத அமைதியாம்! ஓப்பன் பேக் ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் துளியும் தடுக்காது, தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவது அப்படியே காதில் விழும். பின்னணி எங்கே கறுத்தது?

தலையில் எத்தனை நேரம் தாங்கும் என்பதையாவது எழுதுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. எச்டி 650 எடை 260 கிராம்தான், ஆனால் புதிதாக இருக்கும்போது இரண்டு பக்கமும் பொறியில் மாட்டிய மாதிரி அழுத்தும். ஆடிஸியின் எல்சிடி-2 அரைக் கிலோவுக்கு மேல். மூன்று மணி நேரம் கச்சேரி கேட்பவனுக்கு இதைவிட முக்கியமான தகவல் உண்டா? ஆம்ப் பொருத்தத்துக்கு நான்கு பத்தி, இதற்கு “வசதியாக இருக்கிறது” என்று இரண்டு வார்த்தை. எடையைப் பற்றி ஒருவரிடம் நேராகவே கேட்டேன். “இசையில் மூழ்கிவிட்டால் எடையே தெரியாது” என்றார். அது என்ன கழுத்து சார், தூணா?