“நடக்க முடியுமா?” என்றார், “முடியும்” என்றேன்

இங்கே தென்னாப்பிரிக்காவில், எங்கள் தெருவில் இந்த வாரம் இரண்டு பேருக்கு டிசபிலிட்டி கிராண்ட், அதாவது ஊனத்தால் பிழைக்க முடியாதவர்களுக்கு அரசு தரும் மாத மானியம், கிடையாது என்று கடிதம் வந்திருக்கிறது. அதில் ஒருவர் எனக்கு நெருங்கிய அக்கா. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “டாக்டர் கேட்டதுக்கெல்லாம் உண்மையைத்தானே சொன்னேன்” என்று அழுதார். உண்மையைத்தான் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் நானும் அதே உண்மையைச் சொல்லித்தான் மறுக்கப்பட்டேன். அதனால் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முடக்குவாதம். ஆஸ்பத்திரியில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிற நோய். ஏறுவதும் இறங்குவதும் இதன் குணம். ஏறியிருக்கும் நாளில் காலையில் விரல் மடங்காது, முழங்கால் பூட்டிக்கொள்ளும், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்துத்தான் காலைத் தரையில் ஊன்றவே முடியும். அப்புறம் திடீரென்று ஒரு நாள் வீக்கம் வடிந்திருக்கும். எழுந்து சமைப்பேன், வாசல் பெருக்குவேன், மூலைக் கடை வரைக்கும் போய் வருவேன். வாரம் ஒரு முறை எடுக்கும் மெதோட்ரெக்சேட் மாத்திரை இந்த ஏற்றத்தைக் குறைக்கிறது. அடியோடு நிறுத்தியதில்லை.

கிராண்டுக்காக டாக்டரிடம் முதல் பரிசோதனைக்குப் போன நாள் இன்னும் கண்முன் நிற்கிறது. தவறவிடக்கூடாதே என்று இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்காமல் படுத்திருந்தேன். அன்று விடியற்காலையிலேயே வலி மாத்திரை போட்டேன். தங்கை தலை வாரிவிட்டாள். பெரியவர்கள் முன்னால் போகிறோமே என்று கோயிலுக்குப் போகிற மாதிரி நல்ல துணி உடுத்தி, பொட்டு வைத்து, தம்பியின் காரில் போய் இறங்கினேன். கதவிலிருந்து டாக்டரின் மேசைக்குப் பதினைந்து அடி இருக்கும். நடந்து போய் உட்கார்ந்தேன்.

“நடக்க முடியுமா?” “முடியும் டாக்டர்.” “நீங்களே உடுத்திக்கொள்வீர்களா?” “உடுத்திக்கொள்வேன்.” “சமைப்பீர்களா?” “சமைப்பேன்.”

பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. அந்தப் பதினைந்து அடிக்குப் பின்னால் இருந்த இரண்டு நாள் படுக்கையை அவர் பார்க்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியபின் வந்த மூன்று நாளையும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். ‘முடியாது’ என்ற சொல் என் வாயில் வராது, அப்படித்தான் வளர்ந்தோம். கரும்புக்காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1860-லிருந்து வந்தவர்களின் வழி நாம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்த காலம் அது. என் ஆயா, அதாவது பாட்டி, காய்ச்சலோடும் அடுப்படியில்தான் நிற்பார். கேட்பவர் முன்னால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதே நமக்கு மரியாதை. அந்த மரியாதை அந்த அறையில் நமக்கு எதிராகப் போய்விடுகிறது.

சரி, சட்டம் என்ன கேட்கிறது? 2004-ஆம் வருஷத்து சமூக உதவிச் சட்டத்தின்படி, உடல் அல்லது மனக் குறைபாட்டால் எந்த வேலையாலும் தொழிலாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வருமானத்தைத் தேட முடியாதவருக்கு இந்த மானியம். வயது 18 முதல் 59 வரை, வருமான வரம்பு உண்டு. 60 ஆனால் முதியோர் மானியத்துக்கு மாறிவிடும். ஆகவே ஒருவர் ஒரு அறைக்குள் நடந்து வந்தாரா என்பது சட்டத்தின் கேள்வியே கிடையாது. அவரால் பிழைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

நான் பதினெட்டு வருஷம் டர்பனில் தையல் ஃபேக்டரியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்தவள். ஒரு லைனில் ஒருத்தி கை நின்றால் பின்னால் இருப்பவர்கள் எல்லாருக்கும் வேலை நிற்கும். மாதத்தில் எட்டு நாள் வரமாட்டேன், எந்த எட்டு நாள் என்று எனக்கே தெரியாது என்று சொல்கிறவளை எந்த சூப்பர்வைசர் வைத்துக்கொள்வார்? வராத எட்டு நாளை விட, எது வராத நாள் என்று தெரியாததுதான் என் வேலையைப் பறித்தது. என் நல்ல நாட்களைக் காட்டி ‘இவளால் முடியும்’ என்று எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று நெஞ்சாரக் கேட்கிறேன். ஏறி இறங்குவதே என் ஊனம்.

இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் என் சித்தி மகளுக்கும் ஒரு நாள் நடக்க முடியும், ஒரு நாள் முடியாது என்று ஏறி இறங்கும் நோய்தான். அங்கே 2013-இல் ஊனமுற்றோருக்கு பிப் (PIP) என்ற உதவித்தொகை வந்தது. அதன் விதிகளை அவள் போனில் விளக்கியபோது எனக்கு ஆச்சரியம். ஒரு நாளை மட்டும் பார்க்கக்கூடாது, 12 மாதக் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டுமாம். ‘முடியும்’ என்று எழுதுவதற்கும் நாலு நிபந்தனை: ஆபத்தில்லாமல் முடிய வேண்டும், ஒழுங்காக முடிய வேண்டும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பச் செய்ய முடிய வேண்டும், மற்றவர் எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்குள் முடிய வேண்டும். அங்கேயும் மறுப்பும் மேல்முறையீடும் நிறைய நடக்கின்றன, எல்லாம் சுகம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நாலு கேள்வியை என்னிடம் யாராவது கேட்டிருந்தால், நான் பொய் சொல்லாமலே சரியான பதில் வந்திருக்கும்.

இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது அப்படி நாள் கணக்கு எடுப்பதைத்தான் செய்தேன். சுவரில் மாட்டியிருந்த கோயில் காலண்டரில் தினமும் ஒரு குறி. எழ முடியாத நாளுக்கு ஒரு கோடு, வீட்டுக்குள் மட்டும் நடமாடிய நாளுக்கு அரைக்கோடு, வெளியே போன நாளுக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதத்தில் 90 நாள். எழ முடியாதது 31, வீட்டுக்குள் 38, வெளியே போனது 21. அந்த 21-இலும் பதினான்கு தடவை மறுநாள் கோடு விழுந்திருந்தது. இந்தக் கணக்கை நானே அதுவரை அறிந்ததில்லை. ‘சில நாள் கஷ்டமாக இருக்கும்’ என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் எந்த மூட்டு, எத்தனை நாளாக வீக்கம் என்று கார்டில் எழுதித் தரும்படி நர்ஸிடம் கேட்டேன். மனம் கோணாமல் எழுதித் தந்தார்கள். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொண்டேன். பரிசோதனைக்குத் தங்கையையும் அழைத்துப் போனேன். டாக்டர் அதே கேள்வியைத்தான் கேட்டார். “இன்று முடியும் டாக்டர். கடந்த 90 நாளில் 31 நாள் முடியவில்லை. இன்று வந்ததற்கு நாளை படுத்திருப்பேன்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காலண்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வீட்டுக்கு எத்தனை படி இறங்க வேண்டும் என்று கேட்டார். டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியின் மேடும் பள்ளமும் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை புரியும். எங்கள் வீட்டுக்கு 26 படி. டாக்சி பிடிக்க மேலே ஏற வேண்டும், இங்கே டாக்சி என்றால் பலர் சேர்ந்து போகும் வேன்தான், அதற்குள் ஏற அந்த உயரமான படி வேறு.

கிராண்ட் கிடைத்தது. 2025-இல் அது மாதம் 2,300 ராண்டுக்குச் சற்று மேல். வாடகையும் மின்சாரமும் போனால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, இருந்தாலும் தம்பியிடம் கை நீட்டாமல் இருக்கிறேன். ஆனால் தற்காலிகம் என்று எழுதிவிட்டார்கள். தற்காலிக மானியம் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரைக்கும்தான். வாழ்நாள் முழுக்க இருக்கும் நோய் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்து தற்காலிகம் என்று முடிவு செய்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இந்த நாட்டில் இது நடந்தது. சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை இரத்தத்தில் 200-க்குக் கீழே இருந்தால் கிராண்ட், மருந்து சாப்பிட்டு எண்ணிக்கை ஏறினால் நின்றுவிடும் என்று பல இடங்களில் இருந்தது. உடம்பு தேறினால் சோறு போய்விடுமோ என்று மனிதர்களைப் பயப்பட வைப்பது அநியாயம்.

இன்னொரு வலியையும் சொல்லியாக வேண்டும். போன தைப்பூசத்தன்று உடம்பு நன்றாக இருந்தது. காவடி புறப்பட்டபோது தேருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தேன். மறுநாளே, “முருகனுக்கு நடக்கிறாள், கிராண்ட் ஆபீசுக்கு மட்டும் நொண்டுகிறாளா” என்று ஒருவர் பேசியது என் காதுக்கு வந்தது. வருஷம் முழுக்கக் காத்திருந்து ஒரு நாள் நடந்தேன். அதற்குப் பிறகு நாலு நாள் காலண்டரில் கோடுதான். நல்ல நாளை ஒளித்து வைத்து வாழ வேண்டுமா நாங்கள்? டாக்டரிடமும் நல்ல நாளை மறைக்காதீர்கள், இல்லாத நொண்டலை நடிக்காதீர்கள். 21 நாள் வெளியே போனேன் என்று நான் சொன்னதால்தான் மற்ற 69 நாளை அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

அந்த அக்காவுக்கு முடிவு தெரிந்த நாளிலிருந்து 90 நாள் மேல்முறையீட்டுக்கு இருக்கிறது. நேற்றே பழைய காலண்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்து, ஞாபகம் இருக்கும் வரை பின்னோக்கிக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். தெருவில் இன்னொருவருக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள். டாக்டரிடம் போகிற அன்று எனக்கு நல்ல நாளாக இருந்தால் நானே கூட வருகிறேன், இல்லாவிட்டால் தங்கையை அனுப்புகிறேன்.