படுக்கைக்குத்தான் வாடகை, படத்துக்கு இல்லை

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து அந்த ஓட்டல் வீடியோவை மூன்று நாளாக எல்லோரும் பகிர்ந்து ஓய்ந்துவிட்டீர்கள். அதனால் கதையை நீட்டிச் சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்களுக்கு ஒரே வரியில்: நம்மவர் ஒருவர் அறைச் சுவரில் இருந்த ஓவியச் சட்டத்தின் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டார், ஓட்டல் அவர் கார்டில் பணம் பிடித்தது, "நாங்க என்ன ஓசியிலயா தங்கினோம்?" என்று அவர் வீடியோ போட்டார். கீழே வரிசையாகக் கமெண்ட், அத்தனையும் ஓட்டலைத் திட்டி. ஓசியில் தங்கவில்லை ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வாடகை கொடுத்தது படுக்கைக்கு. சுவரில் தொங்கிய படத்துக்கு இல்லை.

"தண்ணிதானே, துடைச்சாப் போச்சு" என்கிறார்கள். போகாது. கான்வாஸ் என்பது துணி. மரபான முறையில் அதன் மேல் விலங்குப் பசை, பசைக்கு மேல் வெள்ளைப் பூச்சு, அதற்கும் மேல்தான் எண்ணெய் வண்ணம். பின்பக்கம் ஈரம் ஏறினால் பசை ஊறி இளகும், துணி சுருங்கும். வண்ணப் படலம் மட்டும் சுருங்காது. இடம் போதாமல் அது கூடாரம் போல மேலே எழும்பும், காய்ந்த பிறகு செதில் செதிலாக உதிரும். அன்றைக்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அதனால்தான் உடனே ஓவியப் பராமரிப்பு நிபுணரைக் கூப்பிட்டுச் சோதிக்கிறார்கள். வீடியோவில் அவரே ஆட்டி ஆட்டிக் காட்டிய பில் அந்தச் சோதனைக்கான கட்டணம்தான், அபராதம் இல்லை. ஒருவராவது நிறுத்திப் படித்தீர்களா?

இன்னொருவர், "படம் கோணலா இருந்துச்சு, நேராக்கத்தான் தொட்டிருப்பார்" என்று வக்காலத்து வாங்குகிறார். இப்படிப்பட்ட ஓட்டல்களில் படம் வெறும் ஆணியில் தொங்காது. மேலே இரண்டு கொக்கி, கீழ்ச் சட்டத்தில் தனிச்சாவி போட்டுத் திருப்பும் பூட்டுத் திருகு. தூக்கினால் படம் வராது, சுவர்ப்பூச்சு பெயர்ந்து வரும். முன்னால் இருப்பதும் பல நேரம் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் தகடு. சானிடைசர் தெளித்துத் துடைத்தால் மெல்லிய விரிசல் வலைபோலப் படரும்.

சரி, துணியை எங்கேதான் காயப்போடுவது? நியாயமான கேள்வி. இத்தாலியக் குளியலறையில் ஏணி மாதிரி ஒரு கம்பி பெரும்பாலும் இருக்கும். சூடாகும். துண்டுக்கென்றே வைத்தது. போதாவிட்டால் வரவேற்பில் "ஸ்டெண்டினோ" என்று கேளுங்கள், மடக்குக் கொடி கொண்டுவந்து தருவார்கள். ஷவருக்கு மேலே தொங்கும் மெல்லிய கயிற்றில் மட்டும் எதையும் மாட்டாதீர்கள். அது அவசர அழைப்புக் கயிறு. நம்மவர் பனியனை மாட்ட, யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று ஊழியர் கதவைத் தட்டிய கதைகள் ஏராளம்.

அறையில் கெட்டில் இல்லையாம், அதற்கும் ஒரு புலம்பல். ஓவியத்துக்குக் கீழே ரைஸ் குக்கரைச் சீற விட்ட புண்ணியவான்கள் இருக்கிறார்களே, பிறகு எப்படி வைப்பான்?

லிஃப்ட் சரியில்லை, அறை சின்னது என்ற புகாருக்கு வருவோம். பிளாரன்ஸின் பழைய நகரம் 1982 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் இருக்கிறது. பழைய மாளிகையில் ஒரு மாடி உயரம் 5 மீட்டர்கூட வரும். படிக்கு 17 சென்டிமீட்டர் என்றால் மாடிக்கு 29 படி, மூன்றாம் மாடிக்கு 90-ஐ நெருங்கும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் தொல்பொருள் அலுவலக அனுமதி இல்லாமல் லிஃப்ட் வைக்க முடியாது, ஏசியின் வெளிப்பெட்டியைக்கூட மாட்ட முடியாது. அனுமதி கிடைத்தாலும் படிக்கட்டின் நடு இடுக்கில் இரண்டு பேர் நிற்கும் கூண்டுதான். 28 அங்குலப் பெட்டி இரண்டு ஏறினால் நீங்கள் நடக்க வேண்டும். முன்பதிவுக்கு முன்னால் ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: எந்த மாடி, லிஃப்ட் அறை வரைக்குமா, அறை எத்தனை சதுர மீட்டர். 14 என்று பதில் வந்தால் 150 சதுர அடி என்று புரிந்துகொள்ளுங்கள். நகர வரி அறை வாடகையில் சேராது. 2023-இல் ஐந்து நட்சத்திர விடுதிக்கு ஆளுக்கு ஒரு இரவுக்கு 8 யூரோ என்று ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் இருவர், மூன்று இரவு என்றால் 48. அது நகராட்சிக்குப் போகிறது. "ஒளிச்சு வச்ச சார்ஜ்" இல்லை.

"அவ்வளவு விலை உள்ள படத்தைப் படுக்கையறையில் ஏன் மாட்டணும்?" அதைப் பார்க்கத்தானே அந்த ஓட்டலைத் தேடிப் பிடித்தீர்கள்! போன்தே வெக்கியோ பாலத்துக்குப் பக்கத்தில் 1999-இல் திறந்த கேலரி ஹோட்டல் ஆர்ட் (வீடியோவில் வருவது அது இல்லை, அவசரப்படாதீர்கள்) பெயரிலேயே சொல்லிவிடுகிறது. ஓவியம் வேண்டாம் என்றால் ரயில் நிலையத்தைச் சுற்றிச் சாதாரண விடுதிகள் நிறைய உண்டு. அங்கே வாடகையும் குறைவு.

அடுத்தது, ஓட்டல் இனவெறி காட்டியது என்ற குற்றச்சாட்டு. வரவேற்பில் இருந்த பெண்ணின் தொனி எனக்கும் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். மற்றபடி கார்டில் முன்பணம் பிடித்து வைப்பது எல்லா விருந்தினருக்கும் பொது. பாஸ்போர்ட் வாங்கியதைக்கூடப் பெரிய அவமானமாகப் பேசுகிறார். இத்தாலியில் தங்குகிறவர் இத்தாலியரே ஆனாலும் 24 மணி நேரத்துக்குள் விவரம் போலீசுக்குப் போயாக வேண்டும். சட்டம்.

இதைச் சொன்னதற்கு நேற்று ஒருவர் என்னை "வெள்ளைக்காரன் வீட்டுக் காவல்காரன்" என்று எழுதினார். 62 லைக். எழுதட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் குகைக் கூரையில் எஞ்சியிருக்கும் தாமரைக் குள ஓவியத்துக்கு ஏன் கம்பிக் கதவு போட வேண்டி வந்தது? அங்கே எந்த இத்தாலிக்காரன் வந்து கிறுக்கினான்? சுத்தம் செய்கிறோம் என்று கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்வெட்டு எழுத்தை மழுங்கடித்தபோது இந்த 62 பேரும் எங்கே இருந்தீர்கள்? அங்கே பில் போட ஆள் இல்லை, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை.

அன்ஃப்ரெண்ட் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். அடுத்த மாதம் பிளாரன்ஸ் போகிறவர்கள் மட்டும், போவதற்கு முன் அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.