ஊரடங்கு அவர்களுக்குக் கொண்டாட்டமா?

"ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தனிமைதானே பிடிக்கும், கொரோனா ஊரடங்கு அவர்களுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. தனியாக இருக்கப் பிடிப்பதும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதும் ஒன்றா?

ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறுவிதமாக அமைகிற ஒரு மூளை வளர்ச்சி நிலை. அது உள்ள பலருக்கு அன்றாட ஒழுங்குதான் பிடிமானம். இத்தனை மணிக்கு வண்டி, இந்த வழியாகப் பள்ளி, இந்தத் தட்டில்தான் சாப்பாடு. 2020 மார்ச்சில் அதெல்லாம் திடுதிப்பென்று அறுந்துபோனது. என் மகன் இரண்டு வாரம் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றான். கிருமி, அதனால் பள்ளி இல்லை என்றோம். கண்ணுக்கே தெரியாத ஒன்றை அவன் எப்படி நம்புவான்? பேச்சுப் பயிற்சியும் நின்றது, அந்த வேலையும் எங்கள் தலையில். திரை வகுப்பில் நாலு நிமிஷம் உட்கார்ந்தால் பெரிய விஷயம். முகக்கவசம் தனிப் பாடு. காதில் உரசும் நாடாவை அவனால் தாங்கவே முடியவில்லை.

பிரிட்டனில் உடற்பயிற்சிக்காக நாளுக்கு ஒருமுறைதான் வெளியே போகலாம் என்றிருந்த விதியை, ஆட்டிசம் போன்ற தேவை உள்ளவர்களுக்காக 2020 ஏப்ரலிலேயே தளர்த்தினார்கள். கொண்டாட்டமாக இருந்தால் அது எதற்கு?

சரி, சிலருக்கு நிம்மதி கிடைத்ததும் உண்மைதான். பள்ளியில் கேலிக்கு ஆளானவர்கள், அலுவலக இரைச்சலில் தவித்தவர்கள். அப்புறம் எல்லாம் திறந்தபோது, திரும்பப் போவதுதான் அவர்களில் பலருக்குப் பெரும்பாடாகிவிட்டது.