சுவர் கட்டலாம், குடிநுழைவுக் கவுண்டரை என்ன செய்வது?

மலேசியாவின் தாய்லாந்து எல்லை நெடுக ஒரு சுவர் எழுப்பிவிட்டால் கள்ளக்குடியேறிகள் பிரச்சினை தீர்ந்தது என்று குடும்ப வாட்சப் குழுவில் சித்தப்பா எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல். பினாங்கிலிருந்து தாய்லாந்தின் ஹாட்யாய்க்குச் சாப்பிடவும் சுற்றவும் போய்வருகிற குடும்பம்தான் எங்களுடையது. எல்லையில் இருக்கிற பாடாங் பெசாரில் ஏற்கெனவே சுவர் நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆள் கடத்துகிறவன் அங்கேயா வருவான்? 2015 மே மாதம் பெர்லிஸ், வாங் கெலியான் மலைக்காட்டில் ஆள் கடத்துகிறவர்களின் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டதை அதற்குள் மறந்துவிட்டோமா?

சுவரே உதவாது என்று சொல்ல மாட்டேன். எகிப்து எல்லையில் இஸ்ரேல் வேலி போட்டது. 2011-இல் அந்த வழியாக நுழைந்தவர்கள் ஏறத்தாழ 17,000 பேர். 2013-இல் நூறுக்கும் கீழே. ஆனால் கூடவே காவலும், பிடிபட்டவர்களை நீண்ட நாள் அடைத்து வைக்கும் சட்டமும் வந்தன. அமெரிக்காவில் 1994-இல் சான் டியாகோ பக்கம் மெக்சிகோ எல்லையில் வேலியையும் காவலையும் இறுக்கினார்கள். அங்கே ஆள் வரத்துக் குறைந்தது உண்மை. கூட்டம் அரிசோனா பாலைவனத்துக்கு நகர்ந்தது, வழியில் செத்தவர்கள் தொகை ஏறியது, கடத்துகிறவன் கூலியும் ஏறியது. விசாவோடு முறையாக வந்து திரும்பாமல் தங்கிவிட்டவர்களை எந்த வேலி தடுக்கும்?

இங்கேயும் அப்படித்தான். எனக்கு முடி வெட்டுகிற தமிழ்நாட்டுத் தம்பி எல்லை தாண்டி வந்தவனில்லை. வேலை பெர்மிட்டோடு விமானத்தில் வந்தவன். அந்தப் பெர்மிட் ஒரே முதலாளி பெயரில்தான் செல்லும். முதலாளி சம்பளத்தை இழுத்தடித்தார், பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்தார், பெர்மிட்டையும் புதுப்பிக்கவில்லை. பொறுக்க முடியாமல் வெளியே வந்தான். அதோடு அவனும் கள்ளக்குடியேறி. இப்போது போன் சத்தம் கேட்டாலே கத்தரி நின்றுவிடும், கண் வாசலுக்குப் போய்விடும். பக்கத்துத் தெருவில் குடிநுழைவுச் சோதனை என்று ஒருநாள் செய்தி வந்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். பாதி வெட்டிய தலையோடு நான் உட்கார்ந்திருந்தேன். (மீதியை இப்போதைய கடை முதலாளியம்மா வெட்டிவிட்டார். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.)

அப்புறம் குடிநுழைவுக் கவுண்டர். காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டினரைச் சோதிக்காமல் உள்ளே விட்டதாக, 2024-இல் கோலாலம்பூர் விமான நிலையத்தில் பணியாற்றிய குடிநுழைவு அதிகாரிகள் பலரை ஊழல் தடுப்பு ஆணையம் பிடித்தது. வேலியே பயிரை மேய்கிறபோது இன்னொரு வேலிக்குக் காசு ஒதுக்குவது எனக்குப் புரியவில்லை.

சோதனை நடந்த மறுநாள் பத்திரிகைப் படத்தைப் பாருங்கள். தொழிலாளிகள் தலை குனிந்து வரிசையாகக் குந்தியிருப்பார்கள், முதலாளி படத்தில் இருக்க மாட்டார். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் என்று குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு சொல்கிறது. அதை முதலில் ஒழுங்காகப் போடட்டும். ஏமாற்றுகிற முதலாளியை விட்டு வேறு முதலாளியிடம் பெர்மிட்டை மாற்றிக்கொள்ளத் தொழிலாளிக்கு ஒரு சுலபமான வழியும் செய்து கொடுக்கட்டும். சித்தப்பா, சுவர்க் கணக்கை அதற்கப்புறம் பேசுவோம்.