வித்தைக்காரர் பெயரை வசையாக்காதீர்கள்

பட்ஜெட் வந்த மறுநாள் நாளிதழைப் பிரித்தால் அந்தச் சொல் தவறாமல் இருக்கும். ‘இது வெறும் செப்படி வித்தை’ என்று யாராவது ஒரு தலைவர் சாடியிருப்பார். கணக்கில் தில்லுமுல்லு செய்தவருக்கும், சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டியவருக்கும் அதே பட்டம்தான். எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு.

செப்பு என்றால் சிமிழ், சிறு கிண்ணம். செப்பிடு வித்தை என்றும் சொல்வார்கள். தரையில் ஒரு துணி, அதன்மேல் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள், சுண்டைக்காய் அளவில் துணி உருண்டைகள். அவ்வளவுதான் மூலதனம். கிண்ணத்தின் தலையில் உள்ள குமிழை விரலிடுக்கில் பிடித்துத் தூக்கி வைக்கும் நொடியில், உள்ளங்கையில் பதுங்கியிருந்த உருண்டை உள்ளே போய்விடும். அந்த நொடியில் வித்தைக்காரரின் கண் வேறொரு கிண்ணத்தின்மேல் இருக்கும். நம் கண்ணும் அதன் பின்னாலேயே போய்விடும். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். கடைசியில் கிண்ணத்தை எடுத்தால் முழு எலுமிச்சம்பழம்! பழத்தை வைத்தது எப்போது என்று சுற்றி நிற்கும் ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கைப்பழக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் அதற்கு வித்தை என்று பெயர்.

பழைய ரோமிலும் இதே ஆட்டம் நடந்தது. அங்கும் கிண்ணத்தை வைத்தே வித்தைக்காரர்களுக்குப் பெயரிட்டார்கள்: ‘அசெடாபுலாரி’. காடி ஊற்றும் சிறு கிண்ணத்துக்கு அசெடாபுலம் என்று பெயர். தத்துவ அறிஞர் செனெகா ஒரு கடிதத்தில் இந்தக் கிண்ணங்களையும் கூழாங்கற்களையும் குறிப்பிட்டு, ஏமாறுவதே தனக்கு இன்பம், சூட்சுமம் தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று எழுதினார். ஏமாற்றியவர்மேல் அவருக்குத் துளியும் கோபமில்லை.

நம் பக்கத்திலும் பெரியவர்கள் இந்தத் தொழிலை இழிவாகப் பார்க்கவில்லை. மாணிக்கவாசகர் இறைவனின் வருகையையே இந்திரஞாலம், அதாவது மாயவித்தை, போல என்கிறார். ஆதிசங்கரர் பிரம்மசூத்திர உரையில், வாளும் கேடயமும் ஏந்திக் கயிற்றில் ஏறுவதாகத் தோன்றும் மாயாவி வேறு, தரையில் நிற்கும் மெய்யான மாயாவி வேறு என்று ஓர் உவமை தருகிறார். பரம்பொருளை விளக்கவே தெருவில் வித்தை காட்டுபவரைத் துணைக்கு அழைத்தார்! (1890இல் சிகாகோ டிரிபியூன் வெளியிட்ட ‘இந்தியக் கயிற்று வித்தை’ செய்தி வேறு கதை. அது கட்டுக்கதை என்று சில மாதங்களில் அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது.)

பிறகு எங்கே கெட்டது? மேஜிக் என்ற சொல்லின் பயணத்தைப் பாருங்கள். ‘மாகோஸ்’ என்று கிரேக்கர் முதலில் அழைத்தது பாரசீகப் பூசாரிகளை. விவிலியத்தில் விண்மீனைப் பின்தொடர்ந்து வந்தவர்களுக்கும் அந்தச் சொல்தான். சமாரியாவில் மக்களைப் பிரமிக்கவைத்த சீமோனின் தொழிலுக்கும் அதே வேர்தான். தமிழ் விவிலியத்தில் முன்னவர்கள் ‘சாஸ்திரிகள்’, பின்னவன் ‘மாயவித்தைக்காரன்’. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மதிப்பும் இகழ்ச்சியும் அந்தச் சொல்லுக்குள் முன்பே பிரிந்து கிடந்தன.

இங்கேயும் அதே பிளவுதான். கையிலிருந்து விபூதி வரவழைத்து, அதைத் தெய்வ சக்தி என்று சொல்பவருக்கு ‘சுவாமி’ என்ற மரியாதை. அதையே செய்துவிட்டு, ‘இது கைவேகம் ஐயா’ என்று துண்டை நீட்டுபவரின் பெயர் வசைச்சொல். கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத சூழலில் அற்புதம் நிகழ்த்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

சொல்லில் ஏறிய இழிவு சட்டத்திலும் ஏறியது. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் ஆடியும் பாடியும் வித்தை காட்டியும் காசு கேட்பதைப் பிச்சை என்றே வரையறுத்தது. டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்ட அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அங்குள்ள உயர்நீதிமன்றம் 2018இல்தான் ரத்துசெய்தது. அதற்கு முன் எத்தனை கலைஞர்கள் போலீஸைக் கண்டு துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்பார்கள்!

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் கிண்ண வித்தையும் வாள் விழுங்குதலும் காட்டிப் பெரும்புகழ் பெற்றவரை ‘ராமோ சாமி’ என்று ஆங்கிலேயர் எழுதினார்கள். நம் ராமசாமிதான். 1850இல் அவர் இறந்தபோது அடக்கம் செய்யக்கூடக் காசில்லாமல் அவர் மனைவி பொதுமக்களிடம் உதவி கேட்க நேர்ந்தது.

பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோசடிக்கு மோசடி என்றே எழுதுங்கள். புரட்டு, பித்தலாட்டம், தில்லுமுல்லு என்று தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? செப்படி வித்தையைச் செப்பு பிடிக்கத் தெரிந்தவர்களுக்கே விட்டுவிடுங்கள்.