வழக்கு கூடினால் வேலை கூடுமா?
பொருளாதார மந்தநிலையில் வீட்டையும் வேலையையும் இழப்பவர்கள் பெருகுவதால் அமெரிக்காவில், ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் பொதுநல வழக்கறிஞர்களுக்கு வேலைவாய்ப்பும் பெருகும் என்று இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. வழக்குகள் பெருகும், சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது. கட்சிக்காரர்களின் பணத்தை வழக்கறிஞர்கள் போட்டுவைக்கும் பொதுக் கணக்குகளின் வட்டியும் அங்கே சட்ட உதவி அமைப்புகளுக்கு ஒரு முக்கிய வருமானம். 2008 டிசம்பரில் மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கியதும் அது வற்றிப்போனது. நான் சட்டம் முடித்தது சரியாக அடுத்த வருடம். சட்ட உதவி அலுவலக வாசலில், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸோடு ஆட்கள் நிற்பார்கள், உள்ளே ஆட்குறைப்பு நடக்கும். போதாக்குறைக்கு, பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் தாங்கள் எடுத்த புதியவர்களைச் சேர்க்காமல் தள்ளிப்போட்டு, உதவித்தொகை கொடுத்து இதே அலுவலகங்களுக்கு ஒரு வருடம் அனுப்பின. அலுவலகத்துக்குச் செலவே வைக்காத ஆள் எதிரே இருக்கும்போது என்னை யார் எடுப்பார்கள்? கடைசியில் ஒரு சின்ன அலுவலகத்தில் வாடகை வழக்குகளுக்கென்று ஒரு வருட மானியத்தில்தான் நுழைந்தேன். கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர் "முதலில் சம்பளமில்லாமல் சேருங்கள், அப்புறம் எடுத்துக்கொள்வார்கள்" என்கிறார். படிப்புக் கடனை யார் கட்டுவது? 2007இல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்துக்கு, தகுதியுள்ள அமைப்பில் முழுநேர ஊழியராக இருந்து 120 தவணை கட்ட வேண்டும். தன்னார்வமாக உழைத்த மாதம் எதுவும் அதில் சேராது.