வயித்தாலை போனதுக்கு யாழ்ப்பாணம் என்ன செய்யும்?

வெளிநாட்டாலை வந்த ஒரு தம்பி, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலை இருக்கிற நெடுந்தீவைச் சுத்திப் பாத்திட்டு, வயித்தாலை போனதுக்கு யாழ்ப்பாணத்துத் தண்ணியிலை பழி போட்ட அந்தக் காணொளியை நீங்கள் எல்லாரும் பாத்திருப்பியள். லிங்க் போடமாட்டன், அவருக்கு வியூஸ் கூட்டிக் குடுக்கிற வேலை எனக்கில்லை. நேற்று முழுக்க ஆக்கள் அதை எனக்கு அனுப்பி, "உண்மையோ? இந்த முறை ஊருக்கு வரலாமோ?" எண்டு கேட்டபடி. அதுதான் எழுதுறன்.

தம்பி, நீர் குறிகட்டுவானிலை வெயில் நல்லா ஏறின பிறகு படகு ஏறினீர். தொப்பி இல்லை. உச்சி வெயிலுக்கை, நிழல் இல்லாத வெட்டையிலை குதிரைக்குப் பின்னாலை ஓடினீர். கையிலை ஒரு சின்னத் தண்ணிப் போத்தில். பிறகு ஐஸ் போட்ட சர்பத், அதுவும் ரெண்டு. எல்லாம் உம்மடை வீடியோவிலைதான் கிடக்கு. அடுத்த நாள் வயித்தாலை போனவுடனை, "யாழ்ப்பாணத்துத் தண்ணி விஷம், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ" எண்டு உலகத்துக்கே அறிவிப்பு!

இதே ஆள் கியூபாவுக்குப் போறதெண்டால் என்ன செய்வார்? முதலே டொக்டரிட்டைப் போய் மஞ்சள் காமாலைக்கு ஊசி, டைபோயிட்டுக்கு ஊசி. நுளம்புக்குப் பூசுற மருந்து, வெயிலுக்குப் பூசுற கிறீம். மூடின போத்தில் தண்ணியைத் தவிர வேறை வாயிலை வைக்கமாட்டார். யாழ்ப்பாணத்துக்கு எண்டால் மட்டும் பெட்டி நிறையச் சொக்லேற். கேட்டால் "எங்கடை ஊர்தானே". ஊர் உங்கடைதான், ஆர் இல்லையெண்டது? ஆனால் முப்பது வருசம் குளிர் நாட்டிலை இருந்த வயித்துக்கு அது தெரியாது. அங்கை பிறந்த பிள்ளைக்கு இஞ்சத்தைக் கிருமி எல்லாம் புதுசு. டைபோயிட், மலேரியா மாதிரி வருத்தங்களிலை, சும்மா சுத்திப் பாக்கப் போறவையை விடச் சொந்த ஊருக்குப் போறவைதான் கூட மாட்டுப்படுகினம் எண்டு மருத்துவக்காரர் கனகாலமாச் சொல்லுகினம். "எங்கடை ஊர்தானே" எண்ட அந்தத் தைரியமும் ஒரு காரணம்.

"நீ என்ன டொக்டரோ?" எண்டு கேப்பியள். இல்லை. பாமசியிலை நிக்கிறன். வெளிநாட்டாலை வாறவை இண்டைக்கும் "மலேரியாக் குளிசை இருக்கோ?" எண்டுதான் கேக்கினம். இலங்கை மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரிலை சான்றிதழே தந்திட்டுது. இவை ஊரை விட்டுப் போன வருசத்திலையே நிக்கினம். டெங்குவைப் பற்றிச் சொன்னால், "நாங்கள் இரவிலை வலை போட்டுத்தான் படுக்கிறம்" எண்ட பதில். அந்த நுளம்பு பகலிலை கடிக்கிறது ஐயா! விடியக்காலமையும் பொழுதுபடுற நேரமும்தான் கூட. 2017இலை நாடு முழுக்க 1,80,000 பேருக்கு மேலை டெங்கு. எங்கடை பக்கம் மாரி மழையோடை மார்கழி, தையிலை ஏறும். அவைக்கு லீவும் அப்பதான்.

என்ரை மச்சாள் ரொறன்ரோவிலையிருந்து வந்து நிண்டவ. மகனுக்குக் காச்சல், உடம்பு முறிச்சுப் போட்ட மாதிரி நோ. கைப்பையிலை கொண்டுவந்த ஐபுபுரோபன் எண்ட நோக்குளிசையைக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறா. டெங்கு எண்ட சந்தேகம் இருக்கேக்கை அதைத் தொடவே கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டிப்போடும். அளவாப் பனடோல், அதுதான் பரசிற்றமோல், மட்டும்தான். நாலாம் நாள் காச்சல் விட்டிட்டுது. மச்சாளுக்குச் சந்தோசம், நயினாதீவுக்கு வான் பிடிக்கச் சொன்னா. காச்சல் விடுற அந்த நேரம்தான் டெங்குவிலை ஆபத்தான நேரம். நான் சத்தம் போட்டு, இழுத்துக்கொண்டு போய் இரத்தம் சோதிச்சால், இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் விழுந்து கிடக்கு. ஆஸ்பத்திரியிலை நிண்ட தாதிப் பிள்ளை ராராவா கண் மூடாமல் பாத்தா. பிள்ளை தப்பிச்சுது. திரும்பிப் போன மச்சாள் அங்கை என்ன சொன்னவ தெரியுமோ? "யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பிள்ளையைச் சாகக் குடுக்கப் பாத்தன்." அது என்ரை காதுக்கு வந்து சேர்ந்துது. சேரட்டும்.

தண்ணி சரியில்லை எண்டு சொல்லுவியள். ஓம், ஒத்துக்கொள்ளுறன். வருசம் முழுக்க ஓடுற ஆறில்லாத குடாநாடு, சுண்ணக்கல்லுக்குள்ளை இருக்கிற நிலத்தடித் தண்ணிதான் எங்களுக்கு. மலக்குழியும் உரமும் அதுக்கைதான் ஊறுது. கனக்கக் கிணறுகளிலை நைத்திரேற்று. தீவுப் பக்கம் உவர். அதுக்காகத்தான் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ, ஐஸ் வேண்டாம், வெயிலுக்கை போறதெண்டால் இளநியைக் குடியுங்கோ, வயித்தாலை போனால் தண்ணியிலை கரைச்சுக் குடிக்கிற ஜீவனிப் பைக்கற்று ஒண்டைப் பொக்கற்றிலை வையுங்கோ எண்டு சொல்லுறம். கொதிக்க வைச்சால் கிருமிதான் சாகும், நைத்திரேற்று போகாது. அதோடைதான் நாங்கள் வருசம் முழுக்க இருக்கிறம். ரெண்டு கிழமைக்கு வாறவை எங்களைப் பாத்து மூக்கைப் பொத்துறதுதான் தாங்கேலாமல் இருக்கு.

"நாங்கள் அனுப்பிற காசிலைதானே ஊர் நடக்குது" எண்டும் ஒருத்தர் எழுதியிருந்தார். நன்றி. அந்தக் காசிலை கட்டின வீடுகளைப் பற்றியும் கதைப்பமே. எங்கடை ஒழுங்கையிலை பாதி வீடு பூட்டு. கூரைப் பீலியிலை சருகு அடைச்சுத் தண்ணி நிக்குது, பூச்சாடித் தட்டிலை நிக்குது. டெங்கு நுளம்புக்குச் சாக்கடை தேவையில்லை, உந்தத் தெளிஞ்ச தண்ணி காணும். நுளம்பு பெருக விட்டால் வழக்குப் போட 2007இலை சட்டமே வந்திட்டுது. பி.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கடை வளவிலை சிரட்டை சிரட்டையாக் கவிட்டுப் பாக்கிறார். பக்கத்து வீட்டுக் கேற்றைத் தட்டிப்போட்டுப் போறார். திறப்பு கனடாவிலை, ஸ்காபரோவிலை எல்லோ கிடக்கு.

மச்சாள், வாசிச்சால் கோவிக்காதையுங்கோ. உங்கடை மேல்மாடித் தண்ணித் தாங்கிக்கு மூடி இல்லை. கனநாளாச் சொல்லுறன்.